உஷார்! நடுப்புள்ளியைத் துளைக்கும் அம்பை நம்பி மான் முன்னால் நிற்காதீர்கள்

மிச்சிகனில் வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கிறது. இப்போது செப்டம்பர் பாதி. சாயங்காலம் ஆனால் போதும், தெரிந்த தம்பிகள் சிலர் கொல்லைப்புறத்தில் இலக்கை வைத்து எய்து, நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலத்துக்குள் ஆறு அம்புகள் குத்தி நிற்பதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கீழே ஒரு வரி: "ரெடி அண்ணா." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அத்தனையும் பயிற்சி முனை போட்ட அம்புகள். காட்டுக்குக் கொண்டுபோகப் போகிற பிராட்ஹெட், அதாவது கூரிய அலகுகள் கொண்ட வேட்டை முனை, வாங்கிய உறை கூடப் பிரிக்காமல் பையில் கிடக்கிறது.

தம்பிகளே, நீங்கள் ரெடி இல்லை. அந்தப் படம் உங்கள் வில்லைப் பற்றிச் சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் வேட்டைக்கு மரத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தப் பதற்றம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். நான் பேசுவது, அமெரிக்காவில் உரிமம் வாங்கி, அந்தந்த மாநில விதிப்படி மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் மட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்டோபர் மாலை. 28 கஜ தூரத்தில் ஒரு மான் பக்கவாட்டில் நின்றது. ஆகஸ்ட் முழுக்க அதே தூரத்தில் எய்து பழகியிருந்தேன், கை நடுங்கவில்லை. முந்தின இரவுதான் பயிற்சி முனைகளைக் கழற்றிவிட்டு மூன்று அலகு பிராட்ஹெட்டுகளைத் திருகியிருந்தேன். இரண்டும் 100 கிரெய்ன். எடை ஒன்றுதானே, அம்பும் ஒரே இடத்துக்குத்தானே போகும் என்று நினைத்தேன். அம்பு நான் குறிவைத்த இடத்துக்கு ஒரு சாண் இடதுபுறம் போய் மானின் வயிற்றில் பாய்ந்தது. அது முதுகைக் கூனிக்கொண்டு நடந்து போனதை இன்றும் மறக்க முடியவில்லை. இரவும் மறுநாள் மத்தியானம் வரையும் இரண்டு பேர் தேடினோம். கிடைக்கவில்லை. மறுவாரம் அதே முனைகளை இலக்கில் எய்து பார்த்தேன். 30 கஜத்தில், பயிற்சி முனை விழுந்த இடத்துக்கு ஏழு அங்குலம் இடதுபுறம், மூன்று அம்பும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று. பிழை என் கையில் இல்லை. டியூன் ஆகாத, அதாவது அம்பு நேராகக் கிளம்பும்படி திருத்தப்படாத வில்லில் இருந்தது. ஆனால் அதை முன்னாலேயே பார்க்காதது என் தவறு.

ஏன் இப்படி? நாண் அம்பின் வாலைத் தள்ளும்போது, அந்தத் தள்ளல் முனைக்கு நேர் பின்னாலிருந்து வர வேண்டும். அம்பைத் தாங்கும் ரெஸ்ட் ஒரு மயிரிழை இடம் மாறியிருந்தாலும், அம்பின் வாலிலுள்ள நாக் நாணைப் பிடிக்கும் இடம் சற்று ஏறி இறங்கியிருந்தாலும், அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போதே லேசாகக் கோணிக்கொண்டுதான் கிளம்பும். உருண்டையான பயிற்சி முனையைக் காற்று பிடிக்காது. அதனால் வாலில் இருக்கும் இறகுகள் சில கஜங்களுக்குள் அம்பை நேராக்கிவிடும். கோணல் உங்கள் கண்ணுக்கே தெரியாது. பிராட்ஹெட்டில் அப்படி இல்லை. முன்னால் இருக்கும் அலகுகளும் இறகுகள்தான், எஃகு இறகுகள். வாலில் இருப்பது அம்பைத் திருத்தப் பார்க்கும்போது, தலையில் இருப்பது அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே இழுத்துப் போகும். வேகம் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் ஆலன் காம்பவுண்ட் வில்லுக்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு வில்லின் வேகம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய வில்கள் வினாடிக்கு 300 அடியைச் சாதாரணமாகத் தொடுகின்றன. அந்த வேகத்தில் சின்னக் கோணல் பெரிய விலகலாகிவிடும்.

துப்பாக்கிக் குண்டு போல அம்புக்கு அதிர்ச்சி கிடையாது. அறுத்து, ரத்தம் வெளியேறித்தான் விலங்கு சாகும். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு, குறுக்கே எட்டு அங்குலம். ஏழு அங்குல விலகல் அந்தத் தட்டுக்கு வெளியே. அவ்வளவுதான் கணக்கு.

இங்கே எல்லோரும் செய்யும் பெரிய பிழையைச் சொல்லிவிடுகிறேன். பிராட்ஹெட் இடதுபுறம் போகிறதா, குறிபார்க்கும் சைட் பின்னை இடதுபுறம் நகர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம்! அம்பு இன்னும் கோணலாகத்தான் பறக்கிறது, நீங்கள் கோணலுக்கு ஏற்றபடி குறியை மாற்றியிருக்கிறீர்கள். 20 கஜத்துக்குச் சரி செய்தது 40-இல் சரியாக இருக்காது. அதைவிட முக்கியம், கோணலாகப் போய் மோதும் அம்பு தன் பலத்தைப் பக்கவாட்டில் இழந்துவிடும், உள்ளே ஆழமாக இறங்காது. திருத்த வேண்டியது வில்லை. சைட்டைக் கடைசியில் தொட்டால் போதும்.

வில்லைத் தொடுவதற்கு முன் அம்பைப் பாருங்கள். பிராட்ஹெட் திருகிய ஒவ்வொரு அம்பையும் ஸ்பின்னர் உருளையில் வைத்துச் சுழற்றுங்கள். முனை நடுங்கினால் அந்த அம்பைத் தனியே வையுங்கள். முனை திருகப்படும் இன்செர்ட் கோணலாக ஒட்டியிருக்கலாம், முனையே வளைந்திருக்கலாம். அந்த ஒரு அம்பை வைத்துக்கொண்டு வில்லைத் திருத்தப் புறப்பட்டால் ஒரு வாரம் வீண். அடுத்து ஸ்பைன். 300, 340, 400 என்று அம்பில் அச்சிட்டிருக்கிறதே, அது அம்பு எவ்வளவு வளைகிறது என்ற அளவு: 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் எடை தொங்கவிட்டால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தொய்கிறது என்பது. எண் சிறிதானால் அம்பு விறைப்பு. பருவத்துக்கு முன் பலம் வேண்டும் என்று லிம்ப் போல்டைத் திருகி வில்லின் இழுவிசையை 60 பவுண்டிலிருந்து 70 ஆக்குகிறவர்களே, அதே அம்பு இப்போது உங்கள் வில்லுக்குத் தொய்வானதாகிவிட்டிருக்கலாம். 100 கிரெய்ன் முனையை 125 ஆக்கினாலும் அதே கதை. ராத்திரியில் அம்பு தெரியட்டும் என்று விளக்கெரியும் நாக் போடுகிறவர்கள், அதைப் போட்டுத்தான் பழக வேண்டும். வால் கனம் கூடியதும் பறக்கும் விதம் மாறுகிறது.

பிறகு வில். புது நாண் போட்டிருந்தால் முதல் நூறு அம்புகளுக்குள் அது நீளும், அதனால் வில்லின் இரு முனையிலும் உள்ள கேம் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றி முடிக்கிறதா என்று மறுபடி பாருங்கள். வில் பிரஸ் இல்லாமல் நாணிலும் கேபிளிலும் கை வைக்கவே கூடாது, கடையில் கொடுங்கள். ஏறக்குறைய ஆறடி தூரத்திலிருந்து ஒரு தாளின் வழியாக எய்து கிழிசலைப் பாருங்கள். முனை துளைத்த ஓட்டைக்கு மேலே வால் கிழித்திருந்தால் அம்பு தலை குனிந்து போகிறது: ரெஸ்டை இம்மி அளவு உயர்த்துங்கள், அல்லது நாக் புள்ளியை இறக்குங்கள். இறகு ரெஸ்டில் உரசுகிறதா என்ற சந்தேகம் வந்தால், கால் பவுடர் ஸ்பிரேயை இறகில் அடித்து எய்யுங்கள். உரசிய இடம் கோடாகத் தெரியும். எவ்வளவு திருகினாலும் அடங்காத வில்லுக்குப் பல சமயம் காரணம் இந்த உரசல்தான்.

இப்போதுதான் பிராட்ஹெட். சாக்கு மூட்டை போன்ற இலக்கில் எய்யாதீர்கள், ஃபோம் இலக்கு வேண்டும். 20 கஜத்தில் மூன்று பயிற்சி முனை, மூன்று பிராட்ஹெட், ஒவ்வொன்றும் வெவ்வேறு புள்ளியில். ஒரே புள்ளியில் விட்டால் அலகு பக்கத்து அம்பின் இறகை அறுத்துவிடும். ஒரு அம்பு எங்கே போனது என்று பார்க்காதீர்கள், மூன்றின் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிராட்ஹெட் கூட்டம் இடதுபுறம் நின்றால் ரெஸ்டை வலதுபுறம் நகர்த்துங்கள். வலதுபுறம் நின்றால் இடதுபுறம். மேலே நின்றால் ரெஸ்டை இறக்குங்கள், கீழே நின்றால் ஏற்றுங்கள். பிராட்ஹெட் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட் போகும், இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயிற்சி முனையும் கொஞ்சம் நகரும், பயப்பட வேண்டாம். இரண்டு கூட்டமும் ஒன்றாகும் வரை செய்து, பிறகு 30, பிறகு 40. அதற்குப் பிறகு சைட் பின்.

கை சோர்ந்த நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். வில்லின் நடுப்பிடியான ரைசரை இறுக்கிப் பிடித்து முறுக்குவது, நாணை முகத்தில் அழுத்துவது, இரண்டையும் பிராட்ஹெட் உடனே காட்டிக்கொடுக்கும். அதை வில்லின் பிழை என்று நினைத்து ரெஸ்டைத் திருகினால், நன்றாக இருந்த வில்லையும் கெடுத்துவிடுவீர்கள்.

விரியும் அலகு கொண்ட மெக்கானிக்கல் முனை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று ஒரு தம்பி கேட்டார். பறக்கும்போது மடங்கியிருப்பதால் அது பயிற்சி முனைக்கு நெருக்கமாகப் போகும், உண்மைதான். ஆனால் கோணலாக மோதினால் அதுவும் கோணலாகத்தான் இறங்கும். அலகை விரிக்கவே கொஞ்சம் பலம் செலவாகும், குறைந்த பவுண்டு வில்லில் அது பெரிய இழப்பு. சில மாநிலங்களில் அந்த முனைகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. முனையை மாற்றுவது டியூன் செய்வதற்கு மாற்று இல்லை.

உங்கள் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நாணை முழுக்க இழுத்த நிலையில் அலகு உங்கள் விரலுக்கும் ரைசருக்கும் முன்னால் இருக்க வேண்டும். அம்பைக் குட்டையாக வெட்டி வைத்திருப்பவர்கள், இழுத்துப் பார்த்து ஒருவரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் வில்லுக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும், முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. இலக்கிலிருந்து பிடுங்கிய கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் இரண்டு முனையிலும் பிடித்து, காதருகே லேசாக வளையுங்கள். நறுக்கென்று சத்தம் கேட்டால் அதை முறித்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாணை விடும்போது சிதறி, வில் பிடித்த கைக்குள்ளேயே பாயும். பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் குறைவான அம்பு வில்லையே உடைக்கக்கூடும், 70 பவுண்டு வில்லுக்கு 350 கிரெய்னுக்குக் கீழே போகாதீர்கள். அம்பே இல்லாமல் நாணை விடுவதும் அதே ஆபத்து. பிராட்ஹெட்டை விரலால் பிடித்துத் திருகாதீர்கள். அதற்கென்றே கூடவரும் சாவி இருக்கிறது.

டியூன் செய்ய எய்த அலகுகள் மழுங்கியிருக்கும். காட்டுக்குப் போகும் முன் அவற்றைத் தீட்டுங்கள், அல்லது புது அலகு போடுங்கள். அம்புகளுக்கு எண் எழுதி வையுங்கள். எண் 4 மட்டும் விலகுகிறதென்றால் அது பயிற்சி அம்பாகவே இருக்கட்டும். செப்டம்பர் கடைசி வாரத்திலும் 30 கஜத்தில் உங்கள் பிராட்ஹெட் கூட்டம் தட்டளவுக்குள் வரவில்லை, 20-இல் வருகிறது என்றால், இந்த வருடம் 20 கஜம்தான் உங்கள் எல்லை. மரத்தில் உட்கார்ந்ததும் அந்த எல்லையிலுள்ள ஒரு மரத்தையோ கல்லையோ ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்போடு வந்து நின்றாலும் நாணைத் தொடாதீர்கள்.