சீனாவில் ஆசிரியர் வேலையா? குடும்பத்தோடு கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

புலாவ் செபாங் - வேலை இருக்கும் வரைதான் வீடு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிய பெற்றோர் வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். பிள்ளைகள் பள்ளி மாற வேண்டும்.

சீனாவுக்கு ஆசிரியராகப் போகும் குடும்பத்தின் நிலையும் ஏறக்குறைய இதேதான். விசா, பல இடங்களில் வீடு, பிள்ளையின் பள்ளி என எல்லாமே வேலை கொடுக்கும் பள்ளியோடு கட்டப்பட்டவை. ஆங்கிலம், கணிதம், அறிவியல் கற்பிக்கத் தெரிந்த நம் பட்டதாரிகளுக்கு அங்கே வாய்ப்பு உண்டு. ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது.

30 நாள் சலுகை வேலைக்கு அல்ல

மலேசியர்கள் இப்போது விசா இல்லாமல் சீனாவுக்குப் போகலாம். 2025 ஜூலை 17 முதல் நடப்பில் உள்ள உடன்பாட்டின்படி ஒரு முறைக்கு 30 நாள், எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் தங்கலாம். சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்க்கவும் இது போதும், வேலைக்குப் பொருந்தாது. “முதலில் வந்து சேருங்கள், பெர்மிட் பிறகு எடுத்துத் தருகிறோம்” என்று ஏஜெண்டு சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

முறையான வழி வேறு. பட்டச் சான்றிதழையும் நன்னடத்தைச் சான்றிதழையும் உறுதிப்படுத்தித் தர வேண்டும். பள்ளி அங்கே வேலை அனுமதிக் கடிதம் பெறும். அதைக் காட்டி இங்கேயே ‘இசட்’ விசா எடுக்க வேண்டும். போய் இறங்கிய 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியின்றி வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான குற்றம் என்றால் 5 முதல் 15 நாள் தடுப்புக்காவலும் உண்டு. பெர்மிட்டில் உள்ள பள்ளியைத் தவிர வேறு இடத்தில் டியூஷன் எடுப்பதும் இதில் சேரும்.

ஆங்கில ஆசிரியர் பணிக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரையே சீன விதிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. எனவே எந்தப் பாடத்துக்கு, எந்தப் பதவிக்கு அனுமதி கேட்கப்படுகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

டியூஷன் மையம், பாலர் பள்ளி வேலைகளில் கூடுதல் கவனம் தேவை. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் தொழிலைச் சீன அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2016இல் அங்கே ஏறக்குறைய 1 கோடியே 79 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2023இல் அது 90 லட்சமாகச் சுருங்கியது. பிள்ளைகள் குறையும்போது பாலர் பள்ளிகளும் மூடப்படுகின்றன.

துணைவருக்கு வேலை இல்லை

கணவனோ மனைவியோ ஒருவர் வேலைக்குப் போனால், மற்றவரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் ‘எஸ்1’ விசாவில் உடன் போகலாம். திருமணச் சான்றிதழும் பிறப்புப் பத்திரமும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஆனால் அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. இங்கே இரண்டு சம்பளத்தில் ஓடும் குடும்பம் அங்கே ஒன்றில் ஓட வேண்டும். துணைவர் அரசாங்க ஆசிரியராக இருந்தால் வேலையை ராஜினாமா செய்ய அவசரப்பட வேண்டாம். துணைவரைப் பின்தொடர்ந்து செல்வதற்கான சம்பளமில்லா விடுப்பு தமக்குக் கிடைக்குமா என்று முதலில் கேட்டறியட்டும்.

அன்றாடம் எப்படி இருக்கும்?

வீட்டில் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். காய்கறிச் சந்தையில்கூட கைப்பேசியில்தான் பணம் கட்டுகிறார்கள். வீச்சாட்டும் அலிபேயும் இல்லாமல் நாள் ஓடாது. வாட்ஸ்அப், யூடியூப், கூகள் அங்கே முடக்கப்பட்டவை. எனவே கிளம்பும் முன்பே தாத்தா பாட்டியின் கைப்பேசியில் வீச்சாட்டைப் போட்டுப் பழக்கிவிடுங்கள். சீனாவின் நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் இரவு உணவு வேளையில் பேசிக்கொள்ளலாம்.

பெய்ஜிங் போன்ற வட நகரங்களில் நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வீடுகளுக்குப் பொது வெப்ப வசதி உண்டு. ஷங்காய் போன்ற தென்பகுதி நகரங்களில் பெரும்பாலும் அது கிடையாது, வீட்டுக்குள்ளேயே குளிரும். மசாலாத் தூளை உறை பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இறைச்சி, பால் பொருள், பச்சைக் காய்கறி, விதைகளுக்குத் தடை உண்டு. அக்டோபர் 1 தேசிய தினத்துக்கு நீண்ட விடுமுறை. தீபாவளி மட்டும் சாதாரண வேலை நாள்.

பிள்ளையின் தமிழ் என்னாகும்?

அரசுப் பள்ளியில் சேர்த்தால் பாடம் மாண்டரினில் நடக்கும். இங்கே சீனப்பள்ளியில் படித்த பிள்ளை சமாளித்துக்கொள்ளும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை திணறும். அனைத்துலகப் பள்ளியில் ஆங்கிலம், கட்டணமும் அதிகம். இரண்டிலும் தமிழ் இல்லை.

சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பியது. பெய்ஜிங் அந்நிய மொழிகள் பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்கள் தமிழைப் பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள். அந்த நாட்டில் இருந்துவிட்டு நம் பிள்ளை தமிழ் வாசிக்கத் தெரியாமல் திரும்பினால் வருத்தம் நமக்குத்தான். இரண்டாம் ஆண்டில் கிளம்பும் பிள்ளை நான்காம் ஆண்டில்தான் மீண்டும் தமிழ்ப்பள்ளி வாசலை மிதிக்கும். தமிழ்ப் பாடநூல்கள் பெட்டியில் இருக்கட்டும். நாளுக்கு அரை மணி நேரம் பெற்றோர் உட்கார வேண்டும். இங்கே 2026 முதல் பள்ளி மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது, அங்கே செப்டம்பரில். திரும்பும் மாதத்தையும் இப்போதே கணக்கிடுங்கள்.

கையெழுத்திடும் முன்

வேலை மாற வேண்டுமானால் பழைய பள்ளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஆசிரியரின் அனுமதி ரத்தானால் மனைவி மக்களின் அனுமதியும் ஆட்டம் காணும். ஆகவே இவற்றை வாய்ப்பேச்சில் விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்:

- வீட்டு வாடகையும் முன்பணமும் யார் பொறுப்பு?
- பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டா, கட்டணம் எவ்வளவு?
- மருத்துவக் காப்புறுதி குடும்பத்துக்கும் சேர்த்தா?
- எத்தனை நாள் முன்னறிவிப்பு? விடுவிப்புக் கடிதம் எப்போது கிடைக்கும்?

சிக்கல் என்றால் பெய்ஜிங்கில் மலேசியத் தூதரகமும் ஷங்காய், குவாங்சோ நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன.

லயத்தில் வாழ்ந்த தலைமுறை, சொந்தமாக ஒரு வீடு கிடைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கியது. சீனாவுக்குப் போகிறவர்களும் நாலு பேரும் ஊர் திரும்புவதற்கான டிக்கெட் பணத்தையும் மூன்று மாதச் செலவையும் இங்குள்ள வங்கிக் கணக்கில் தொடாமல் வைத்துவிட்டுப் போகட்டும்.