நானூறு நாள் கடிகாரம்

தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரத்திற்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டுக்கு மேல் ஓடும் கடிகாரமும் உண்டு. 'நானூறு நாள் கடிகாரம்' என்பது அதன் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் இவை பெருமளவில் செய்யப்பட்டன.

அத்தகைய கடிகாரம் ஒன்று, உருக்குவதற்கென்று வந்த பழம் பித்தளையோடு, என் தந்தை மெருகு போடும் கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அவர் எடைக்கு விலை கொடுத்து வாங்கி வந்து, "உன் படிப்பில் இதற்கு வழி இருக்கிறதா, பார்" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடை சொல்லியாக வேண்டுமல்லவா?

இதன் ஊசல் இடவலமாக ஆடுவதில்லை. மெல்லிய உலோக நாடாவில் தொங்கும் நான்கு பித்தளைக் குண்டுகள், ஒரு பக்கம் சுழன்று, நின்று, மறுபக்கம் திரும்புகின்றன. நாம் ஆய்வகத்தில் விறைப்புக் குணகம் காணும் முறுக்கு ஊசலேதான் இது! ஒரு முழு அலைவுக்கு 15 விநாடி. இவ்வளவு மெதுவாக இயங்குவதால்தான் சுருள்வில்லின் ஆற்றல் ஓராண்டுக்குப் போதுமானதாகிறது.

பிரிப்பதற்கு முன் சுருள்வில்லின் இறுக்கத்தைச் சாவியால் சிறிது சிறிதாகத் தளர்த்திவிட வேண்டும். தவறினால் கை காயப்படும். பல் சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினேன். அச்சு முனைகளுக்கு மட்டும் துளி எண்ணெய். பற்களுக்குக் கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும். தொங்கு நாடா முறுகி மடிந்திருந்தது. மடிந்த நாடாவை நிமிர்த்திப் பயனில்லை என்பதால் புதியது ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அது நிக்கல் கலந்த உலோகம். வெப்பநிலை மாறினாலும் அதன் விறைப்பு அதிகம் மாறாது. இவ்வகை உலோகக் கலவைகளை ஆராய்ந்த கியோம் என்ற அறிஞர் 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

கடிகாரம் ஓடியது, ஆனால் விரைந்து ஓடியது. 40 அலைவுகளுக்கு 600 விநாடி ஆக வேண்டும், 594 ஆயிற்று. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 14 நிமிடம் முந்தும். காரணம் என்ன? தட்டை நாடாவின் முறுக்கு விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. கணக்கிட்டால், 0.1 மி.மீ. தடிப்புள்ள நாடா 0.0007 மி.மீ. கூடுதலாக இருந்தாலே இவ்வளவு பிழை வரும். நம் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; அதன் கண்ணுக்குத் தெரியாததைக் கடிகாரம் காட்டிவிட்டது!

தேய்க்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. எனக்கோ அந்தக் கை இல்லை. தந்தை நாடாவைக் கண்ணாடி மேல் வைத்து, மிக நைசான உப்புத்தாளால் சில முறை நீவினார். 599 விநாடி! மீதியைக் குண்டுகளைச் சற்று வெளியே நகர்த்திச் சரிசெய்தேன். நிலைமத் திருப்புத்திறன் கூடினால் அலைவு நேரமும் கூடும்.

பதிவேட்டில் எழுதி மதிப்பெண் வாங்குவதற்காக மட்டும் சூத்திரங்கள் பிறக்கவில்லை, நண்பர்களே. எவ்வளவு தேய்ப்பது என்பதைப் படிப்பு சொல்லும். அவ்வளவே தேய்க்கப் பழகிய கை வேண்டும். அந்தக் கை நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது.