மூணாறு: மரபு வழித்தடத்தில் ஒரு சிறு நகரின் தாங்குதிறன்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடமே மூணாறு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூர், நம் நாட்டின் முன்னணி மலைவாழிடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆயினும் ஆட்சிமுறையில் இது நகராட்சியன்று; கிராம ஊராட்சியே. கிராமத்துக்குரிய அதிகாரமும் அலுவலர்களும் கொண்ட ஓர் அமைப்பு, நகரத்துக்குரிய குப்பையையும் கழிவுநீரையும் வாகன நெரிசலையும் சமாளிக்க வேண்டியுள்ளது. சிறு நகரச் சுற்றுலாவின் அடிப்படைச் சிக்கல் இதுவேயாகும்.

மூணாற்றின் மரபு அதன் வழித்தடத்தில்தான் உள்ளது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞார் அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தேயிலையை வெளியே கொண்டுசெல்ல 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டு, 1908இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவடம் வழியாக மலையடிவாரத்துக்கு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அடியோடு அழித்துவிட்டது. 1931இல் ஆலுவாச் சாலை திறக்கப்பட்ட பின் மூணாற்றின் முகம் மேற்கே திரும்பியது. பழைய ரயில் நிலையக் கட்டடம் பிற்காலத்தில் தோட்ட நிறுவனத்தின் அலுவலகமாயிற்று.

இன்று வருவோரில் பெரும்பாலோர் இவ்வரலாற்றை அறியாமல், ஊருக்குள்ளேயே இரண்டு நாள் தங்கித் திரும்புகின்றனர். கிழக்கே டாப் ஸ்டேஷன், போடிமெட்டு. வடக்கே உடுமலைப்பேட்டைச் சாலையில் பெருங்கற்கால முனியறைகளும் சந்தனக் காடுகளும் உள்ள மறையூர், அதனையடுத்துச் சின்னாறு. இவற்றை ஒரே வழித்தடமாகத் திட்டமிட்டால் தங்குமிடங்களும் வருவாயும் பரவும். ஓர் ஊரின் மீது விழும் சுமையும் குறையும். 2023 ஜூனில் போடி வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியிருப்பது இதற்கு நல்ல வாய்ப்பு. ஆனால் டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குச் செல்லும் சாலையோ மூணாறு வழியாக உள்ளது. எல்லைக்கோடு பயணிக்குத் தெரிவதில்லை, கோப்புகளுக்குத்தான் தெரிகிறது! இரு மாநிலங்களும் இணைந்த ஒரு வழித்தடக் குழு இன்றியமையாதது.

வருகையை வரையறுக்க இயலுமா என்ற ஐயத்திற்கு விடை ஊரின் அருகிலேயே உள்ளது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இரவிகுளத்தில், வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் பயணிகளுக்கு அனுமதியில்லை. பிற நாட்களிலும் நுழைவோர் எண்ணிக்கைக்கு வரம்புண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. ஆட்டுக்குத் தரப்படும் ஓய்வு ஊருக்கும் தரப்படலாகாதா? வணிகர்கள் வருவாய் குறையுமென அஞ்சுவது இயல்பே. எனினும் விடுமுறை நாட்களில் மணிக்கணக்கில் சாலையில் நிற்கும் பயணி கடைக்கு வருவதில்லை என்பதை அவர்களும் அறிவர்.

நிலம் பற்றிய கேள்வி இதனினும் கடினமானது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் கண்ணன் தேவன் மலைகளின் நிலம் அரசின் உடைமையாயிற்று. சாகுபடி நிலம் தோட்ட நிறுவனத்தின் அனுபவத்தில் விடப்பட்டது. எஞ்சிய நிலத்தில் எழுந்த ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007இல் அரசு பெருமுயற்சி மேற்கொண்டு, இடையிலேயே நிறுத்தியது. செங்குத்தான சரிவுகளில் பல மாடி விடுதிகள் எழ இடமளிப்பது எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் ஆதாயமாகாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயங்களில் இருந்த 70 உயிர்கள் பறிபோயின. அது சுற்றுலாவால் நேர்ந்ததன்று. ஆனால் பயணி காணவரும் பசுமையைத் தலைமுறைகளாகப் பேணிய அம்மக்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள். எனவே, நுழையும் வாகனங்களிடம் ஒரு கட்டணம் பெற்று, அதனை ஊராட்சியின் தனிக் கணக்கில் சேர்த்து, கழிவகற்றலுக்கும் பாதுகாப்பான இடத்தில் தொழிலாளர் வீட்டு வசதிக்கும் மட்டுமே செலவிடுமாறு சட்டவழியில் விதிக்கலாம். அக்கணக்கு ஆண்டுதோறும் கிராம சபையில் வைக்கப்படவும் வேண்டும்.