பேராதனைப் பூங்காவுக்கு முதன்முறை செல்வோருக்கு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், "இம்முறை எங்கே போவது?" என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுவது வழக்கம். யாழ்ப்பாணமாயினும், மட்டக்களப்பாயினும், கொழும்பாயினும், பிள்ளைகளின் வாயிலிருந்து பெரும்பாலும் வரும் விடை கண்டி என்பதே. கண்டிக்குச் சென்று பேராதனைப் பூங்காவைக் காணாது திரும்புவோர் மிகச் சிலரே. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இத்தகைய ஒரு பயணத்தில் இரண்டு மூன்று நாளில் கரைந்துபோகின்றது. அந்நாள் இனிதே கழியுமாயின், பத்தாண்டுகளுக்குப் பின்னரும் குடும்பத்தார் கூடியிருந்து அதனைப் பேசி மகிழ்வர். அவ்வாறன்றி, கால்வலியும் பசியும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட மனத்தாங்கலுமாக மாலையில் வீடு திரும்புவோரும் உளர். அவர்கள் பூங்காவைக் குறை கூறுவர். உண்மையில் குறை பூங்காவினுடையதன்று. முன்னேற்பாடு இன்மையே அதற்குக் காரணம். முதன்முறை செல்வோர் வழக்கமாகச் செய்யும் தவறுகள் சிலவற்றையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இங்கே எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

இடத்தின் அளவை அறியாமை

ஊர்ப் பூங்காவொன்றை மனத்திற் கொண்டு பேராதனைக்குச் செல்வது முதலாவது தவறாகும். பேராதனைத் தாவரவியற் பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. கண்டி நகரிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தொலைவில், கொழும்பு வீதியோரமாக அமைந்துள்ளது. மகாவலி கங்கை இதனை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகின்றது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கொழும்பின் புழுக்கமும் இல்லை. நுவரெலியாவின் கடுங்குளிரும் இல்லை. நான்காயிரத்துக்கு மேற்பட்ட தாவர வகைகள் இங்கே வளர்க்கப்படுகின்றன. இத்தனையையும் ஒரே நாளில் கண்டு முடிப்பேன் என்று ஒருவர் புறப்பட்டால், கால்கள் களைக்குமேயன்றிக் கண்கள் நிறையா.

ஆதலின் வாயிலில் நுழைந்தவுடன், அங்குள்ள வரைபடத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எதனைக் கட்டாயம் காண்பது, எதனை விட்டுவிடுவது என்று அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கைப்பேசி இருப்போர் அவ்வரைபடத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது பெரிதும் உதவும்.

ஒரு நாளில் ஐந்து ஊர்

காலையில் தலதா மாளிகை, முற்பகலில் பேராதனை, நண்பகலில் பின்னவலை யானைகள், மாலையில் நுவரெலியா என்று திட்டமிடுவோரை நாம் கண்டிருக்கின்றோம். தாளில் எழுதும்போது இது எளிதாகத் தோன்றும். ஆனால் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 70 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைப்பாதை உண்டு. வளைவுகள் நிறைந்த அப்பாதையில் பிள்ளைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வருவது புதிதன்று. இவ்வாறு செல்வோர் ஊர்களைக் காண்பதில்லை. வாகனத்தின் கண்ணாடிச் சாளரத்தையே காண்கின்றனர். பேராதனைக்கு அரை நாளேனும் தனியே ஒதுக்குதல் வேண்டும். அந்நாளில் வேறொன்றையும் காண விழைந்தால், கண்டி வாவிக்கரையில் மாலையில் ஆறுதலாக நடந்துவரலாம், அதுவே போதுமானது.

ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி எசல பெரஹரா நடைபெறும் நாட்களில் கண்டியில் தங்குமிடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை மிகுதி. பெரஹராவைக் காணும் எண்ணமில்லாதோர் அந்நாட்களைத் தவிர்ப்பது நன்று.

காலமும் பாதையும்

பலர் காலை உணவை முடித்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, நண்பகலில் வாயிலை அடைகின்றனர். பூங்கா காலையிலேயே திறக்கப்படுகின்றது. புல்லில் பனி உலராத அந்நேரமே நடப்பதற்கு உகந்தது. கூட்டமும் குறைவு. சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகை மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது கண்டிப் பகுதியின் இயல்பு. காலையில் வானம் தெளிவாயிருந்ததென்று குடையை அறையில் விட்டுச் செல்வோர், மாலையில் நனைந்த பிள்ளைகளுடன் மரத்தடியில் ஒதுங்கி நிற்பர். மின்னல் வேளையில் மரத்தடி ஆபத்தானது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

புகையிரதத்தில் வருவோர்க்கு ஒரு சொல். பேராதனைச் சந்தியில் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கண்டி வழியாக மாத்தளைக்கும், மற்றொன்று நாவலப்பிட்டி வழியாகப் பதுளைக்கும் செல்கின்றது. எவ்வண்டி எங்கே போகின்றது என்று கேட்டறிந்து ஏறுதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலினால் மலைநாட்டின் வீதிகளும் இருப்புப்பாதைகளும் பெருஞ்சேதமுற்றமையால், புறப்படுமுன் அன்றைய நிலைமையை விசாரித்துக்கொள்வது அவசியம். கண்டி நகரில் இருந்து செல்வோர்க்கு இத்தொல்லை இல்லை. கொழும்பு வீதியிற் செல்லும் பஸ் வண்டிகள் பூங்கா வாயிலைக் கடந்தே செல்கின்றன.

நுழைவுச் சீட்டின் கட்டணம் உள்நாட்டவர்க்கு ஒன்று, வெளிநாட்டவர்க்கு வேறொன்று. இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த உறவினரை உடன் அழைத்துச் செல்வோர், இவ்வேற்றுமையை முன்னரே அவர்களுக்குக் கூறிவிடுங்கள். வாயிலில் நின்று வாதாடுவதால் பயனில்லை. அடையாள அட்டையையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.

உடையும் உணவும்

புதுச் செருப்பு வாங்கி அணிந்து செல்வது நம்மவரிடையே ஒரு வழக்கம். அதனால் கால் கடித்து, பாதி வழியில் செருப்பைக் கையில் எடுத்துச் செல்லும் பெண்கள் பலர். பழகிய தட்டைச் செருப்பே தக்கது. பட்டுச்சேலையையும் இந்நாளுக்கு வைக்க வேண்டா. புகைப்படத்தில் அது அழகாய் இருக்கும். புல்வெளியில் அமரும்போது பாரமாய் இருக்கும்.

உணவு கொண்டுசெல்வோர், எதனை உள்ளே எடுத்துச் செல்லலாம் என்று வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புளிச்சாதம், ரொட்டியும் சம்பலும் போன்ற கெடாத உணவுகள் ஏற்றவை. பொலித்தீன் பைகளைத் தவிர்த்து, மூடியுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துங்கள். தண்ணீரை ஒவ்வொருவரும் தத்தம் போத்தலில் எடுத்துச் செல்வது நன்று.

குரங்குகளுக்கு உணவு நீட்டுவது பெருந்தவறு. அவை கூட்டமாக வந்து பையைப் பறிக்கும். தடுத்தால் கடிக்கவும் கூடும். கடித்துவிட்டால் சிறு காயந்தானே என்று இராமல், உடனே சவர்க்காரமிட்டு நன்கு கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மரவுச்சிகளில் பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுவதும் கருந்துணிகள்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு இது வியப்பான காட்சி. சற்று விலகி நின்று பார்ப்பதே ஆடைக்கு நன்மை!

பிள்ளைகளுடன் செல்வோர்

பெரிய புல்வெளியின் நடுவே குடைபோல் விரிந்து நிற்கும் யாவா அத்திமரத்தைக் கண்டதும் பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடுவர். ஓடட்டும்; அதற்காகவே வந்தோம். ஆயினும் ஓடுமுன், "வழி தவறினால் இந்த மரத்தடிக்கு வந்து நில்" என்று ஓரிடத்தைக் குறித்துச் சொல்லிவையுங்கள். சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிய துண்டொன்றை வைப்பதும் நல்ல பாதுகாப்பு.

ஆற்றங்கரையில் பிள்ளைகளின் கையை விடலாகாது. மகாவலி அமைதியாய்த் தோன்றும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே நீர் பெருகும். தொங்கு பாலத்தில் ஒரே வேளையில் பலர் ஏறுவதும், நின்று குலுக்கி விளையாடுவதும் தவிர்க்கத்தக்கன.

இன்னொன்றையும் கூறாதிருக்க இயலவில்லை. ஆற்றோரத்து இராட்சத மூங்கில்கள் 30 மீற்றர் வரை ஓங்கி வளர்பவை. மழைக்காலத்தில் இளமுளை ஒரே நாளில் ஓரடி வரை உயரக்கூடும். அத்தகைய மூங்கிலில் ஆணியாற் பெயர் கீறிச் செல்வோர் இருக்கின்றனர். பெற்றோர் பார்த்திருக்கப் பிள்ளை மரத்தைக் கீறுமாயின், அப்பிள்ளைக்கு நாம் எதனைக் காட்டுவதற்காக அழைத்து வந்தோம்?

பார்த்தும் பாராமை

படம் பிடித்துக்கொண்டே நடந்து, மரத்தின் பெயர்ப் பலகையை ஒருமுறையேனும் வாசியாது திரும்புவது, பலரும் அறியாமற் செய்யும் தவறு. பேராதனை வெறும் அழகுக்காக எழுந்த தோட்டமன்று. கண்டி அரசர் காலத்தில் அரச தோட்டமாய் இருந்த இவ்விடத்தில், 1821 ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மூன் என்பவர் தாவரவியற் பூங்காவைத் தொடக்கினார். 1839 இல் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவிலிருந்து அசாம் தேயிலை விதைகள் இங்கு வந்து சேர்ந்தன. அக்காலத்தில் மலைநாடு எங்கும் கோப்பியே விளைந்தது. 1869 இல் கோப்பி இலையில் ஒருவகைப் பூஞ்சணநோய் தோன்றியது; சில ஆண்டுகளுள் அத்தொழிலே அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த நிலத்தில் தேயிலை எழுந்தது.

தமிழகத்திலிருந்து கோப்பிக்கென வந்து, தேயிலைக்கென நிலைத்த நம் மக்களின் வரலாறு இம்மரங்களோடு பின்னிக் கிடக்கின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் இங்கு வரும்போது, பெரியோர் இக்கதையைச் சொல்லுதல் வேண்டும். பாட்டன் பூட்டன் உழைப்பின் தொடக்கம் எங்கே என்று அறியும் பிள்ளை, பூங்காவை வேறொரு கண்ணாற் காணும்.

சீசெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரமும் இங்குண்டு. அதன் விதையே உலகில் மிகப் பெரிய விதை. இருபது கிலோகிராம் வரை நிறையுடையதாகலாம். நம் சிவாலயங்களில் காணும் நாகலிங்க மரம் தென்னமெரிக்காவுக்குரியது என்பதைப் பலர் அறியார். பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901 இல் மனைவியாருடன் வந்தபோது நட்ட நாகலிங்க மரம் இங்கு நிற்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 முதல், மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகமும் இப்பூங்காவிலேயே இயங்கியது.

ஆச்சி கேட்ட பனை

இறுதியாக, நாமே செய்த தவறொன்றையும் சொல்லிவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாகக் குடும்பத்துடன் பேராதனைக்குச் சென்றபோது, யாழ்ப்பாணத்திலிருந்து எம் ஆச்சியையும் அழைத்துச் சென்றோம். பூங்காவினுள் பனைமர வரிசையொன்று உண்டென்று யாரோ அவரிடம் கூறியிருந்தனர். "மோனை, இந்தக் குளிருக்கை பனை நிக்குதாமே? அதை ஒருக்காக் காட்டு" என்று வழியிலேயே கேட்டார். "எல்லாம் காட்டுவோம் ஆச்சி" என்றோம்.

உள்ளே சென்றதும் ஓர்க்கிட் இல்லம், வாசனைத் திரவியத் தோட்டம், பெரிய புல்வெளி, தொங்கு பாலம் என்று பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கெல்லாம் நடந்தோம். ஆச்சியும் வாய் திறவாது கூடவே நடந்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒரு வாங்கில் அமர்ந்தவரால் எழ முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. பிள்ளைகள் ஓடிச்சென்று பனைகளைக் கண்டு வந்து, "நிறைய நிக்குது ஆச்சி, எங்கட ஊர்ப் பனை மாதிரியே" என்றனர். அவர் சிரித்தார். "நிண்டாச் சரி" என்றார். அடுத்த விடுமுறைக்கு அவர் இல்லை.

வேலிப் பனையின் நிழலில் பிறந்து வளர்ந்த ஒருவர், தொலைதூர மலைநாட்டில் அப்பனையைக் காண விரும்பினார். அவர் கேட்டது அது ஒன்றுதான். அதனை முதலில் காட்டியிருக்கலாம்; கால் மணி நேரமே சென்றிருக்கும். முதியோர் களைப்பைச் சொல்லமாட்டார்கள். தம்மாற் பிறர் இன்பம் கெடலாகாது என்று தாங்கிக்கொள்வார்கள். ஆகவே அவர்கள் கேட்குமுன் நாமே கேட்டல் வேண்டும். உள்ளே சிறுவண்டி வசதி உண்டா என்று வாயிலில் விசாரியுங்கள். அரை மணிக்கொருமுறை அமருங்கள்.

இன்றும் பேராதனைக்குச் சென்றால் நாம் முதலிற் செல்வது அப்பனை வரிசைக்கே. நேயர்களே, பயணத்துக்கு முதல்நாள் இரவு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் அழைத்து, "நாளை நீ கட்டாயம் காண விரும்புவது எது?" என்று கேளுங்கள், மூத்தவரிடம் முதலிற் கேளுங்கள். அவர் சொல்வதை முதலிற் காட்டுங்கள். எஞ்சியவற்றை நேரமிருந்தாற் காணலாம். இல்லையேல் அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.