மலையின் நாடி பிடித்தவர்கள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியோர் கூறுவர். வெள்ளத்தை அணை கட்டித் தடுக்கலாம். புயல் வருவதை வானொலி மூலம் முன்னரே அறியலாம். ஆனால் பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதை அறிவது எவ்வாறு? காய்ச்சல் கண்டவரின் உடலுக்குள் நடப்பதை மருத்துவர் நாடி பிடித்தும், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தும் அறிகிறார் அல்லவா? அதுபோல, பூமியின்மேல் வைத்து அதன் உள்ளே எழும் சிறு அசைவுகளைக் கேட்கும் கருவியே நில அதிர்வுமானி. ஆய்வு நிலையங்களில் நிரந்தரமாக அமைக்கப்பட்ட அதிர்வுமானிகள் உண்டு. தேவையான இடத்துக்குத் தூக்கிச் சென்று, குழி தோண்டி வைத்து, வேலை முடிந்ததும் எடுத்து வரக்கூடியவையும் உண்டு. இந்த இரண்டாம் வகைக் கருவிகள் 1991ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஆயிரக்கணக்கான மக்களைக் காத்த வரலாற்றையும், அவற்றை நடுவதும் பேணுவதும் எத்தகைய வேலை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சகோதரி கொண்டு சென்ற செய்தி

பிலிப்பைன்ஸின் லூசான் தீவில், தலைநகர் மணிலாவுக்கு வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் பினாட்டுபோ என்னும் மலை உள்ளது. ஏறத்தாழ 500 ஆண்டுகள் அது உறங்கிக் கிடந்தது. அடர்ந்த காடு மூடியிருந்ததால் அதை எரிமலை என்றே பலர் எண்ணவில்லை. அதன் சரிவுகளில் ஆய்ட்டா எனப்படும் பழங்குடி மக்கள் பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழ்ந்து வந்தனர். தங்கள் தெய்வம் குடியிருக்கும் மலை அது என்பது அவர்கள் நம்பிக்கை.

1991 ஏப்ரல் 2ஆம் நாள் அம்மலையின் வடபுறத்தில் நிலம் பிளந்து, நீராவியும் சாம்பலும் வெடித்துக் கிளம்பின. மறுநாளே ஆய்ட்டா மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு, எரிமலை ஆராய்ச்சி அலுவலகத்துக்குச் சென்று செய்தி சொன்னவர் அருட்சகோதரி எம்மா ஃபோன்டெவில்லா அவர்கள். அம்மக்களிடையே பணி செய்து வந்த அவர், பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபை 1877ஆம் ஆண்டில் நமது உதகமண்டலத்தில் தோன்றியது என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

அந்த அலுவலகத்தின் இயக்குநர் ரேமுண்டோ புனோங்பாயன் தலைமையில் வேலை தொடங்கியது. ஏப்ரல் 5ஆம் நாள் மலைக்கு அருகே முதல் அதிர்வுமானி வைக்கப்பட்டது. ஒரே நாளில் அது 200க்கு மேற்பட்ட சிறு அதிர்வுகளைப் பதிவு செய்தது. அவற்றில் பெரும்பாலானவை, அருகில் நிற்பவர் கால்களுக்குக் கூடத் தெரியாத அளவு சிறியவை. மலை விழித்துக்கொண்டது என்பதற்கு அதுவே சான்று.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது?

தூக்கிச் செல்லும் அதிர்வுமானி பார்ப்பதற்கு ஒரு சிறு செம்பு அளவே இருக்கும். எடை சுமார் 2 கிலோ. அதனுள் சுருள்வில்லில் ஓர் எடை தொங்குகிறது. நிலம் அசையும்போது வெளிக்கூடும் அதனுடன் அசையும். உள்ளே தொங்கும் எடையோ சற்று நேரம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பேருந்து திடீரெனக் கிளம்பும்போது நாம் பின்னோக்கிச் சாய்வதும் இதே காரணத்தால்தான். எடைக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. ஒன்று மற்றொன்றை ஒட்டி நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே கண்டதை நாம் பாடத்தில் படித்துள்ளோம். அச்சிறு மின்சாரமே நிலத்தின் அசைவைச் சொல்லும் மொழி.

அந்நாளில் இந்த மின்சாரத்தைச் சுருதி ஏறி இறங்கும் ஓர் ஒலியாக மாற்றி, வானொலி அலை மூலம் தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்பினர். அங்கே சுழலும் உருளையில் சுற்றிய தாளின்மீது பேனா கோடு இழுக்கும். மலை அமைதியாக இருந்தால் நேர்கோடு. அதிர்ந்தால் பேனா துள்ளும். கணிப்பொறியிலும் பதிவு செய்தனர். இன்று கருவிகள் எண்களாகவே பதிவு செய்து, செயற்கைக்கோள்களிடமிருந்து சரியான நேரத்தையும் பெற்றுக்கொள்கின்றன.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? மின்னல் தெரிந்து சற்றுப் பின்னர் இடி கேட்பதைக் கொண்டு இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று கணக்கிடுகிறோம். நிலநடுக்கத்திலும் விரைவாக வரும் முதல் அலையும் மெதுவாக வரும் இரண்டாம் அலையும் உண்டு. இரண்டுக்கும் இடையே ஒரு நொடி இருந்தால், அதிர்ந்த இடம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனலாம். ஒரே கருவி தொலைவை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. பல இடங்களில் கருவிகள் இருந்து, அவற்றின் கடிகாரங்களும் ஒத்துப்போனால், அதிர்வு எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் பிறந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

நடும் முறை

1985ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தபோது, சேற்று வெள்ளத்தில் 23,000 பேருக்கு மேல் மாண்டனர். அத்துயரத்துக்குப் பின், விழித்தெழும் எரிமலைக்குக் கருவிகளோடு விரைந்து செல்வதற்கென்றே அமெரிக்க நிலவியல் துறையினர் ஒரு குழுவை அமைத்தனர். அக்குழுவினர் 1991 ஏப்ரல் இறுதியில் பெட்டி பெட்டியாகக் கருவிகளைக் கொண்டுவந்து, பிலிப்பைன்ஸ் அறிஞர்களோடு சேர்ந்து மலையைச் சுற்றி ஏழு அதிர்வுமானிகளை அமைத்தனர். அப்போது அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்த கிளார்க்கில், மலைக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கண்காணிப்பு நிலையம் ஏற்பட்டது.

கருவி நடுவதற்குக் கண்ட இடமும் உதவாது. மரத்தடியில் வைத்தால், காற்றில் மரம் ஆட வேரும் ஆடி, பொய்யான அதிர்வைக் காட்டும். சாலையோரத்தில் லாரியும், ஓடையருகே தண்ணீரும், மேய்ச்சல் நிலத்தில் மாடுகளும் அவ்வாறே தொல்லை தரும். கெட்டியான பாறை கிடைத்தால் மிக நல்லது. அவ்விடத்திலிருந்து வானொலி அலை, நடுவே குன்று மறைக்காமல், நிலையத்தை அடையவும் வேண்டும். எல்லாம் பொருந்தும் இடம் பெரும்பாலும் பாதையே இல்லாத உச்சியாக இருக்கும். பினாட்டுபோவில் பல இடங்களுக்கு ஹெலிகாப்டரில்தான் போக முடிந்தது.

இடம் கிடைத்ததும் குழி தோண்டி, அடியைக் கெட்டியாக்கிச் சமன் செய்வர். கொத்தனார் சுவர் கட்டும்போது வைப்பது போன்ற ரசமட்டத்தைக் கொண்டு, கருவி சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்பர். பக்கவாட்டு அசைவையும் அளக்கும் கருவியாயின் அதை வடக்குத் திசை நோக்கித் திருப்பி வைப்பர். அப்போது இரும்புக் கடப்பாரை அருகில் கிடந்தால் திசைகாட்டி தவறாகக் காட்டிவிடும் என்பதால் அதைத் தள்ளி வைக்க வேண்டும். பின் காற்றும் வெயிலும் படாதபடி மூடி மண்ணிட்டு, கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்துவர். கார் பேட்டரியும், அதற்கு மின்சாரம் ஊட்டச் சூரிய ஒளித் தகடும், ஆண்டெனாவும் மேலே நிற்கும். கடைசியில் ஒருவர் கருவியருகே காலால் ஓங்கி மிதிப்பார்; பேனா துள்ளினால் கருவி வேலை செய்கிறது என்று பொருள்.

பேணும் வேலை

நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. உண்மையான வேலை அதன் பின்னரே தொடங்குகிறது. மழைநீர் மூடியின் இடுக்கில் புகுந்து கம்பி முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். எலி கம்பியைக் கடிக்கும். எறும்புகள் பெட்டிக்குள் புற்று வைக்கும். ஒரே மாதத்தில் புல் வளர்ந்து ஒளித்தகட்டை மறைக்கும். எரிமலையாயின் சாம்பல் படிந்து வெளிச்சத்தைத் தடுக்கும், பேட்டரி இறங்கிவிடும். ஆண்டெனா காற்றில் திரும்பினாலும் இடி விழுந்தாலும் செய்தி நின்றுவிடும். சில இடங்களில் பேட்டரியே களவு போகும்.

ஆகவே குறித்த நாளில் ஒருவர் சென்று துடைத்து, இறுக்கி, பேட்டரியை அளந்து, புல்லை வெட்டி, செய்ததை எல்லாம் நாளும் நேரமும் இட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அக்குறிப்பு இல்லாவிட்டால், பேனா துள்ளியது மலையாலா, பழுது பார்த்தவரின் காலடியாலா என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது. அருகில் வாழும் மக்களிடம், "இது என்ன, எதற்காக வைத்திருக்கிறோம்" என்று அன்போடு விளக்குவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. பொருள் விளங்கியவர்களே அதற்குக் காவலராவர்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நிலையம் பேசாமற்போனால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது மலை அதை அழித்திருக்கலாம். நன்கு பேணப்பட்ட கருவியின் மௌனத்துக்கு மட்டுமே பொருள் உண்டு.

அந்த ஜூன் மாதம்

மே மாதம் முழுவதும் அதிர்வுகள் பெரும்பாலும் மலையுச்சிக்கு வடமேற்கே சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, ஆழத்தில் பிறந்துகொண்டிருந்தன. ஜூன் தொடக்கத்தில் அவை உச்சிக்கு அருகே, நீராவி கிளம்பும் இடத்தின் அடிக்கு நகர்ந்தன. உருகிய பாறைக்குழம்பு மேலேறும் வழியைக் கருவிகள் காட்டிக்கொடுத்துவிட்டன. ஒரே கருவி இருந்திருந்தால் இந்த இடமாற்றம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது.

மே மாதத்திலேயே அறிஞர்கள் ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவித்திருந்தனர். ஜூன் 5இல் மூன்றாம் படி, 7இல் நான்காம் படி, 9இல் ஐந்தாம் படி என அறிவிப்பு ஏறியது. நம்பாதவர்களும் இருந்தனர். வயலையும் கால்நடையையும் விட்டுவிட்டு, வெடிக்காமலும் போகக்கூடிய ஒரு மலைக்காக ஓடுவது எளிதன்று. எரிமலையின் கொடுமையைக் காட்டும் திரைப்படத்தை ஊர்த்தலைவர்களுக்கும் மக்களுக்கும் காட்டி, அறிஞர்கள் மன்றாடினர். ஜூன் 10ஆம் நாள் கிளார்க் தளத்திலிருந்து சுமார் 14,500 பேர் வெளியேறினர். மலையைச் சுற்றி 10 கிலோமீட்டராக இருந்த ஆபத்து வட்டம் படிப்படியாக விரிந்து, இறுதியில் 40 கிலோமீட்டர் ஆனது.

ஜூன் 12இல் பெரும் வெடிப்புகள் தொடங்கின. ஜூன் 15 பிற்பகல், யூன்யா என்னும் சூறாவளியும் அத்தீவைத் தாக்கிய அதே வேளையில், மலை தன் முழு வலிமையோடு வெடித்தது. நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. கிளார்க் தளத்திலேயே இருந்த ஒன்றைத் தவிர மற்ற ஆறும் மௌனமாயின. அந்த மௌனத்தின் பொருளை உணர்ந்து, கடைசி வரை காத்திருந்த அறிஞர்களும் வெளியேறினர். இருபதாம் நூற்றாண்டின் எரிமலை வெடிப்புகளில் இது இரண்டாவது பெரியது. 1,745 மீட்டர் உயரமாக இருந்த மலை ஏறத்தாழ 260 மீட்டர் குறைந்து, உச்சியில் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் உண்டாயிற்று.

முன்னறிவிப்பால் குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டதாக அமெரிக்க நிலவியல் துறை கணக்கிட்டுள்ளது. ஆயினும் துயரம் இல்லாமற் போகவில்லை. மழையில் நனைந்து கனத்த சாம்பலால் கூரைகள் இடிந்து பலர் மடிந்தனர். மலையிலிருந்து தப்பி வந்த ஆய்ட்டா குழந்தைகள் பலர், நெருக்கடி மிகுந்த முகாம்களில் தட்டம்மை முதலிய நோய்களால் இறந்தனர். நெருப்பிலிருந்து காத்தவர்களை நோயிலிருந்தும் காக்க வேண்டும். அதற்கு மருந்தும் பாலும் படுக்கையும் முன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அம்மலை தந்த இன்னொரு பாடம்.

நாம் கற்பது

தோழியரே, நிலநடுக்கம் எந்த நாளில் எந்த மணியில் வரும் என்று முன்கூட்டிக் கூற இன்றளவும் யாராலும் இயலாது. ஆனால் எரிமலை பெரும்பாலும் வெடிக்குமுன் முணுமுணுக்கிறது. அதைக் கேட்கக் காது வேண்டும். பினாட்டுபோவில் முதற்காது ஆய்ட்டா மக்களுடையது. இரண்டாவது அவர்கள் சொல்லை மதித்து நடந்த ஒரு கன்னியருடையது. பிறகே கருவிகள் வந்தன. கருவியை ஹெலிகாப்டரில் ஏற்றியவர், குழி தோண்டியவர், சாம்பலைத் துடைத்தவர், இரவெல்லாம் பேனாவின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆகிய ஒவ்வொருவரும் தம் சிறு கடமையைச் சரியாகச் செய்ததனாலேயே அந்த அறிவிப்பு உரிய காலத்தில் பிறந்தது. அவர்களுள் ஒருவர் ஒரு நாள் சோம்பியிருந்தால் அந்தக் கோடு நின்றிருக்கும்.

நம்மில் சிலர் நாளை இயற்பியல் படித்து இத்தகைய கருவிகளோடு மலையேறக்கூடும். மற்றவர்கள் வேறு பணிகளுக்குச் செல்வோம். எங்கிருந்தாலும், எளியவர் வந்து சொல்லும் செய்திக்குச் செவி கொடுப்போம். நம்மிடம் ஒப்படைத்த சிறு பொருளையும் நாள் தவறாமல் பேணுவோம். பல உயிர்கள் அச்சிறு பொருளை நம்பியிருக்கக்கூடும்.