பித்தப்பையில் லிம்போமா: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நாசி கண்டார் சாப்பிட்ட இரவு, வலது விலாவுக்குக் கீழே வலி. "சும்மா கேஸ்தான்" என்று விட்டுவிடுகிறீர்கள். வலி திரும்பத் திரும்ப வருகிறது. செபராங் ஜெயா மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்தால், இப்படிப்பட்ட வலிக்குப் பெரும்பாலும் காரணம் பித்தப்பைக் கல்தான்.

ஆனால் மிக மிக அரிதாக, அதே வலிக்குப் பின்னால் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் இருக்கலாம்.

அது பித்தப்பைக்கு எப்படி வந்தது?

லிம்போமா, லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் தொடங்கும் புற்றுநோய். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களில்தான் அதிகம் வரும். பித்தப்பைச் சுவரில் இந்த அணுக்கள் பொதுவாகக் குறைவு. கல்லாலோ கிருமியாலோ அழற்சி நீண்ட நாள் நீடித்தால், அவை அங்கே திரளும். சில வகை லிம்போமா அப்படித் தொடங்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். கல் இருந்தாலே புற்றுநோய் வரும்னு அர்த்தமில்லை!

ஸ்கேனில் தெரியாதா?

சுவர் தடித்திருப்பதும் கட்டி இருப்பதும் தெரியும். அது வெறும் அழற்சியா, பித்தப்பையில் வழக்கமாக வரும் புற்றுநோயா, லிம்போமாவா என்பதை ஸ்கேன் உறுதியாகச் சொல்லாது. அதனால்தான் பலருக்கு, கல் என்று நினைத்துப் பித்தப்பையை அகற்றிய பிறகே உண்மை தெரிய வருகிறது.

லேப்பில் என்ன நடக்கிறது?

அகற்றிய திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பிறகு அணுக்களில் உள்ள புரதங்களைத் தேடும் சோதனை. 'சிடி20' என்ற புரதம் இருந்தால், அவை பி வகை லிம்போசைட்டுகள் என்பதற்கு அடையாளம். 'கேஐ-67' அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும். நோய் வேறு எங்கும் பரவியிருக்கிறதா என்று அறிய பெட் ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைச் சோதனையும் உண்டு.

பெயர் மாறினால் என்ன?

சிகிச்சையே மாறும். வழக்கமான பித்தப்பைப் புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சை அறுவை. பரவியிருக்கும் ஆழத்தைப் பொறுத்து, கல்லீரலின் ஒரு பகுதியையும் வெட்ட நேரலாம். வேகமாக வளரும் பி செல் லிம்போமாவுக்கோ மருந்துதான் பிரதானம்: கீமோதெரபியுடன் ரிட்டுக்சிமாப். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, அதே சிடி20 புரதத்தைக் குறிவைத்துத் தாக்குகிறது.

நீங்க செய்ய வேண்டியது

வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. காரணமில்லாமல் எடை குறைந்தாலும், இரவில் உடல் நனைய வியர்த்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்க.

உங்களுக்கோ அம்மா அப்பாவுக்கோ பித்தப்பை அறுவை நடந்திருந்தால், "வலிதான் போயிடுச்சே" என்று அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை விட்டுடாதீங்க. "எச்பிஇ ரிப்போர்ட் வந்துடுச்சா டாக்டர்?" என்று கேளுங்க. திசுப் பரிசோதனை முடிவு அதில்தான் இருக்கும்.