உயிர்க்கரி, தாவரங்கள் வழி மண்ணின் உலோக மாசு நீக்கம்

உலோக மாசடைந்த மண்ணை உயிர்க்கரி, தாவரங்கள் ஆகியவற்றின் உதவியால் சீர்செய்வது ஒரு மண் மீட்பு முறையாகும். காட்மியம், ஈயம் முதலியவை தனிமங்கள் என்பதால், சில கரிம மாசுகளைப் போல நுண்ணுயிர்களால் சிதைக்கப்படுவதில்லை. அவற்றைப் பயிர் உறிஞ்சாதவாறு மண்ணிலேயே பிணைத்து வைக்கலாம். அல்லது மண்ணிலிருந்து வெளியே எடுக்கலாம். உயிர்க்கரி முதல் வழிக்கும், உலோகத்தைச் சேர்க்கும் தாவரங்கள் இரண்டாம் வழிக்கும் உதவுகின்றன.

பின்னணி

சப்பானின் தோயாமா மாகாணத்தில், கமியோகா சுரங்கத்திலிருந்து சின்சூ ஆற்றில் கலந்த காட்மியம் பாசன நீர் வழியாக வயல்களை அடைந்தது. அங்கு விளைந்த அரிசியை உண்டோருக்குச் சிறுநீரகப் பாதிப்பும், எலும்பு நலிந்து கடும் வலி தரும் இத்தாய்-இத்தாய் நோயும் ஏற்பட்டன. 1968 இல் சப்பானிய அரசு இதை மாசினால் உண்டான நோயாக ஏற்றது.

உயிர்க்கரி

வைக்கோல், உமி, மரத்துண்டு போன்றவற்றைக் குறைந்த ஆக்சிசனில் சூடாக்கினால் உயிர்க்கரி கிடைக்கிறது. இதன் நுண்துளைப் பரப்பு உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. இதிலுள்ள சாம்பல் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் காட்மியம், ஈயம் ஆகியவற்றின் கரைதிறனும் குறைகிறது. சீனாவில் காட்மிய மாசுற்ற நெல்வயலில் எக்டேருக்கு 40 டன் கோதுமை வைக்கோல் உயிர்க்கரி இடப்பட்டபோது, அரிசியின் காட்மிய அளவு 2009 இல் 45 விழுக்காடும், 2010 இல் 62 விழுக்காடும் குறைந்தது.

ஆயினும் உலோகம் மண்ணிலேயே இருக்கிறது. மண் மீண்டும் அமிலமானால் அது கரையக்கூடும். ஆர்செனிக் மாசுள்ள மண்ணில் அமிலத்தன்மை குறைவது எதிர்விளைவையும் தரலாம்.

தாவரங்கள்

சில தாவரங்கள் உலோகத்தை வேரால் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்க்கின்றன. தெரிசு விட்டாட்டா என்னும் பெரணி ஆர்செனிக்கை மிகுதியாகச் சேர்ப்பது 2001 இல் அறிவிக்கப்பட்டது. சப்பானில் சோகோகோகு என்ற நெல் வகையை நீர் வடித்த வயலில் 2 ஆண்டுகள் பயிரிட்டபோது மண்ணின் காட்மியம் 38 விழுக்காடு குறைந்தது. அடுத்து விளைந்த உணவு நெல்லின் மணிகளில் காட்மியம் 47 விழுக்காடு குறைந்தது. நீர் தேங்கிய வயலில் காட்மியம் கரையாத சல்பைடாக இருக்கும். நீரை வடித்தால் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அறுத்த தாவரத்தைத் தீவனமாகவோ எருவாகவோ பயன்படுத்தாமல் பாதுகாப்பாக அகற்ற வேண்டும்.

இரண்டையும் இணைத்தல்

உயிர்க்கரி உலோகத்தைப் பிணைப்பதால், அதை எடுக்கும் தாவரத்தின் பணிக்கு அது தடையாகலாம். ஆகவே நோக்கத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். உடனே பாதுகாப்பான உணவு விளைய வேண்டிய வயலில் உயிர்க்கரியும், மாசைக் குறைக்கப் பல பருவங்கள் ஒதுக்கக்கூடிய நிலத்தில் உறிஞ்சும் தாவரங்களும் பொருந்தும். புல்கூட முளைக்காத சுரங்கக் கழிவு நிலத்தில் இரண்டும் சேர்ந்தே உதவும். உயிர்க்கரி மண்ணின் நச்சுத்தன்மையைத் தணித்து ஈரத்தைக் காக்கும். அதில் வளரும் வெட்டிவேர் போன்ற புற்கள் நச்சு மண் காற்றிலும் மழையிலும் பரவாமல் தடுக்கும்.